அசைவும் பெயர்ச்சியும்: நிலநடுக்கப் பதிவிலிருந்து நிலத்தின் நிலைத்த இடமாற்றத்தை அறியும் முறை



மொழியியல் கற்ற ஒருவன் நிலநடுக்கப் பதிவுகளைப் பற்றிப் பேச முன்வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒலியியல் ஆய்வாளர் நாள்தோறும் கையாளும் அலைவடிவங்களும் நிலநடுக்க ஆய்வாளர் கையாளும் அலைவடிவங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது முதற்காரணம். ஒலிவாங்கி காற்றின் அசைவைக் கோடாக வரையத் துணைசெய்கிறது. நிலநடுக்கக் கருவி தரையின் அசைவைக் கோடாக வரைகிறது. அக்கோடுகளைத் தூய்மைப்படுத்தும் முறைகளும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டாவது காரணம், இத்துறையின் நடுவிலுள்ள சிக்கல், இரு தமிழ்ச் சொற்களின் பொருள் வேறுபாட்டை உணர்ந்தால் பாதி விளங்கிவிடும் என்பதாகும். அச்சொற்கள் அசைவு, பெயர்ச்சி என்பன.

நிலநடுக்கம் ஓய்ந்தபின் நிலம் பழைய இடத்துக்கே திரும்பியதா, அன்றிப் புதிய இடத்தில் நின்றுவிட்டதா? கருவி வரைந்த கோட்டிலிருந்து இதனை அறிய முடியுமா? முடியுமாயின் அதனை எவ்வளவு நம்பலாம்? இம்மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இப்பொழிவின் நோக்கம்.

1. பெயரில் உள்ள குறை

நிலநடுக்கம் என்னும் சொல்லில் நடுக்கம் உள்ளது. இலங்கைத் தமிழர் வழங்கும் பூமியதிர்ச்சி என்பதில் அதிர்ச்சி உள்ளது. பூகம்பம் என்பதில் உள்ள கம்பம் நடுக்கத்தைக் குறிக்கும் வடசொல். நம் நாட்டு வழக்கில் சிற்றூரைக் குறிக்கும் கம்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. மலாய்மொழியின் கெம்பா பூமி என்பதும் நில அதிர்வையே சுட்டுகிறது. இப்பெயர்கள் யாவும் மாந்தர் உணர்வது எதுவோ அதனைக் கொண்டு அமைந்தவை. நடுங்குவதை உணர்கிறோம், ஆதலால் நடுக்கம் என்கிறோம்.

ஆனால் நிலநடுக்கத்தில் நிகழ்வது நடுக்கம் மட்டுமன்று. நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பல்லாண்டுகள் இறுகிக் கிடந்து, ஒரு நாள் பிளவின் வழியே சறுக்கிவிடுகின்றன. அச்சறுக்கலால் எழும் அலைகள் பரவிச் செல்லும்போது தரை ஆடுகிறது. அலைகள் கடந்தபின் ஆட்டம் நின்றுவிடும். சறுக்கிய நிலமோ மீளாது. அது புதிய இடத்திலேயே நிலைத்துவிடும்.

தமிழ் இவ்விரண்டையும் வேறுபடுத்த வல்லது. அசைதல் என்பது இடம் விடாமல் ஆடுதல். காற்றில் கிளை அசைகிறது, காற்று நின்றதும் பழைய நிலைக்கு வருகிறது. பெயர்தல் என்பது இருந்த இடத்தை விட்டு நீங்குதல். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி என்று சோதிடர் கூறுவது ஓர் இராசியை விட்டு அடுத்த இராசிக்குச் செல்வதையே. மொழிபெயர்ப்பு என்பதிலும் ஒரு மொழியில் இருந்த கருத்து மற்றொரு மொழிக்குப் போய்த் தங்குகிறது. இயற்பியல் நூலோர் இடப்பெயர்ச்சி என்னும் கலைச்சொல்லை எவ்வகை இடமாற்றத்துக்கும் பொதுவாக வழங்குவர். அதனால் மீளாத இடமாற்றத்தை இங்கு நிலைத்த இடப்பெயர்ச்சி என்று அடைகொடுத்துக் குறிப்பேன்.

2. கெடா நிலம் பெயர்ந்த நாள்

இது நமக்கு அயலான செய்தி அன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், மலேசிய நேரம் காலை 8.58 மணியளவில், சுமத்திராவின் வடமேற்குக் கடற்பகுதியில் பெரும் நிலநடுக்கம் தொடங்கியது. நிலத்தட்டின் பிளவு அங்கிருந்து அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சில நிமிடங்களில் பரவியது. அதன் அளவு 9.1 எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

அன்று நண்பகலுக்குப் பின் ஆழிப்பேரலை கெடாக் கரையை அடைந்தது. கோத்தா கோலா மூடா மீனவர் குடியிருப்புகள் சிதைந்தன. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தவர். இச்செய்தியை நம் மாணவர் அறிவர். கோத்தா கோலா மூடாவிலுள்ள சுனாமி காட்சிக்கூடத்தைப் பலர் பார்த்தும் இருப்பர்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் லங்காவித் தீவு ஏறத்தாழ 17 சென்ட்டிமீட்டர் மேற்கு நோக்கிப் பெயர்ந்தது. தாய்லாந்தின் புக்கெட் 27 சென்ட்டிமீட்டர் பெயர்ந்தது. தென்கிழக்காசியாவின் ஏறத்தாழ 60 செயற்கைக்கோள் அளவை நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்கியது. 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் சிறிய பெயர்ச்சி தென்பட்டதாக அக்கட்டுரை கூறுகிறது. நம் தீபகற்பம் முழுவதுமே நகர்ந்தது. வடக்கில் மிகுதியாகவும் தெற்கில் குறைவாகவும் நகர்ந்தது. சோழர் கல்வெட்டுகளில் கடாரம் எனப் பெயர்பெற்ற இம்மண்ணும், ஜெராய் மலையும், அதன் அடிவாரத்துச் செம்பனைத் தோட்டங்களும், சுங்கை பட்டாணியும் கூலிமும் அன்று காலை மேற்கே நகர்ந்தன. உயர்ந்த கட்டடங்களில் இருந்த சிலர் ஆட்டத்தை உணர்ந்தனர். பெயர்ச்சியை உணர்ந்தவர் ஒருவரும் இலர்.

தோட்டத்து எல்லைக் கற்களுக்கு இதனால் வழக்கு எழவில்லை. அண்டை நிலமும் உடன் நகர்ந்துவிட்டது அன்றோ! ஆனால் செயற்கைக்கோள் கொண்டு அளப்பவர்க்குப் பழைய எண்கள் பொருந்தாமற் போயின. மலேசிய நில அளவை, வரைபடத் துறை 2003ஆம் ஆண்டு நிறுவிய ஜி.டி.எம். 2000 என்னும் தேசிய அளவை அடிப்படையைப் பின்னர் வந்த நிலநடுக்கங்களையும் கணக்கிற்கொண்டு 2009ஆம் ஆண்டு திருத்த வேண்டியதாயிற்று.

3. கருவி எதை அளக்கிறது?

வலுவான நில அசைவைப் பதிவு செய்யும் கருவி முடுக்கப்பதிவி எனப்படும். 1933ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் லாங் பீச் நிலநடுக்கத்தில்தான் இத்தகைய பதிவுகள் முதன்முதலாகக் கிட்டின. இக்கருவி நிலம் எங்கே இருக்கிறது என்பதை அளப்பதில்லை. எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பதையும் அளப்பதில்லை. வேகம் எவ்வாறு மாறுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. அதுவே முடுக்கம்.

பேருந்தில் கண்மூடி அமர்ந்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். புறப்படும்போது முதுகு பின்னே சாய்கிறது. நிற்கும்போது உடல் முன்னே சாய்கிறது. இடையில் வண்டி சீரான வேகத்தில் ஓடும்போது எதுவும் தெரிவதில்லை. இவ்விரு சாய்வுகளை மட்டும் குறித்துக்கொண்டு பீடோங்கிலிருந்து எவ்வளவு தொலைவு வந்தோம் என்று அவர் கணிக்க வேண்டும். முடுக்கப்பதிவியின் நிலை இதுதான்.

கணிக்கும் வழி கூட்டல். முடுக்கங்களை நேரத்தோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால் திசைவேகம் கிடைக்கும். திசைவேகங்களை அவ்வாறே கூட்டினால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். இக்கூட்டலைக் கணிதத்தார் தொகையிடல் என்பர்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று. தரை 2 வினாடிக்கு, வினாடிக்கு வினாடி 2 செ.மீ. என்ற அளவில் மேற்கே முடுக்கம் பெறுகிறது எனக் கொள்வோம். முடிவில் அதன் வேகம் வினாடிக்கு 4 செ.மீ.; கடந்த தொலைவு 4 செ.மீ. அடுத்த 2 வினாடிக்கு அதே அளவில் எதிர்முடுக்கம் பெறுகிறது. வேகம் சுழியாகிறது, மேலும் 4 செ.மீ. கடந்துள்ளது. மொத்தம் 8 செ.மீ. பெயர்ந்து தரை நின்றுவிட்டது. முடுக்கக் கோட்டில் நாம் காண்பது மேலே ஒரு மேடு, கீழே ஒரு பள்ளம், பின்னர் சுழிக்கோடு. அசைந்து மீண்ட நிலத்தின் கோடும் முடிவில் சுழியில்தான் நிற்கும். பெயர்ந்தது எது, மீண்டது எது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

4. சிறுபிழை பெரும்பிழையாதல்

கூட்டல் எளிது. ஆனால் உண்மைப் பதிவுகளை அப்படியே கூட்டினால் வரும் விடை பெரும்பாலும் நம்பத் தகாதது.

காரணம், எந்தக் கருவியின் சுழிக்கோடும் முற்றிலும் சுழியில் நிற்பதில்லை. வினாடிக்கு வினாடி 0.1 செ.மீ. அளவு அது விலகி நிற்பதாகக் கொள்வோம். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தாளில் வரைந்தால் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். ஆனால் கூட்டல் அதனை மறப்பதில்லை. 20 வினாடி முடிவில் இப்பிழை 20 செ.மீ. இடப்பெயர்ச்சியாக வளர்கிறது, 40 வினாடியில் 80 செ.மீ.; 60 வினாடியில் 180 செ.மீ. நேரம் மும்மடங்காகும்போது பிழை ஒன்பது மடங்காகிறது. நம் எடுத்துக்காட்டின் 8 செ.மீ. உண்மைப் பெயர்ச்சி இந்த 180 செ.மீ. பொய்ப்பெயர்ச்சியில் மூழ்கிவிடும்.

பிழைக்கு வேறொரு மூலமும் உண்டு. அது சாய்வு. பேருந்து முன்னோக்கி முடுக்கம் பெற்றாலும் முதுகு இருக்கையில் அழுந்தும். மேட்டில் ஏறினாலும் அழுந்தும். கண்மூடி இருப்பவருக்கு இரண்டும் ஒன்றே. முடுக்கப்பதிவிக்கும் அப்படியே. நிலநடுக்கத்தின்போது கருவி நிற்கும் மேடை 0.01 பாகை சாய்ந்தால் போதும். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனைக்கு அடியில் இரண்டு தாள்களைச் செருகினால் உண்டாகும் சாய்வு ஏறத்தாழ அவ்வளவே. அச்சாய்வு வினாடிக்கு வினாடி 0.17 செ.மீ. பொய்முடுக்கத்தைத் தரும். அதனை ஒரு நிமிடம் கூட்டினால் 3 மீட்டர் பொய்ப்பெயர்ச்சி தோன்றும்.

5. வடிகட்டி: பேச்சுக்கு நன்மை, நிலத்துக்கு இழப்பு

இத்தகைய மெதுவான விலகலை நீக்க எளிய வழி வடிகட்டுதல். மெல்ல மாறும் பகுதியை அகற்றி விரைவாக மாறும் பகுதியை மட்டும் விடும் வடிகட்டியை ஒலியியலார் நன்கறிவர். பேச்சொலிப் பதிவில் 60 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றை நாங்கள் தயங்காமல் நீக்குவோம். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 100 ஹெர்ட்சு, பெண்குரலினது ஏறத்தாழ 200 ஹெர்ட்சு என்ற அளவில் அமைவதால், அதற்குக் கீழே பேச்சுக்குரிய செய்தி அரிது. விசிறியின் ஓசையும் கருவியின் விலகலும் நீங்குகின்றன, பேச்சு தூய்மையாகிறது. பேசி முடித்தபின் அறையின் காற்று பழைய நிலைக்கே திரும்பிவிடுவதால், மெல்லலையை நீக்கியதில் நமக்கு இழப்பில்லை.

நிலநடுக்கப் பதிவில் நிலைமை வேறு. நிலைத்த இடப்பெயர்ச்சி என்பது ஒருமுறை சென்று மீளாதது. அலையின் மொழியில் சொன்னால், அது எல்லாவற்றினும் மெதுவானது. வடிகட்டி பிழையை அகற்றும்போது அதனையும் உடன் அகற்றிவிடுகிறது. வடிகட்டிய பதிவைக் கூட்டினால் இடப்பெயர்ச்சிக் கோடு அழகாக ஆடி, இறுதியில் சுழிக்கு வந்து நிற்கும். பார்ப்பவர் நிலம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது என்றே கருதுவார். அது நிலம் சொன்ன செய்தியன்று. வடிகட்டி சொன்ன செய்தி.

தோட்டப்புற வாழ்விலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். தோட்டத்து வாயிலில் ஒருவரை அமர்த்தி, போவோர் வருவோரைக் கணக்கெடுக்கச் சொல்கிறோம். காலையில் பட்டணத்துக்கு வேலைக்குச் செல்பவர் மாலையில் திரும்புகின்றனர். அதே நாளில் ஒரு குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியேறிச் சுங்கை பட்டாணியில் குடியேறுகிறது. கணக்கெடுப்பவர், "நாள் முடிவில் போனோரும் வந்தோரும் சமமாக இருக்க வேண்டும், வேறுபாடு இருந்தால் அது என் எண்ணிக்கைப் பிழை" என்று முன்னரே முடிவு செய்துகொண்டு கணக்கைச் சரிக்கட்டினால் என்ன ஆகும்? ஏடு நேர்த்தியாக இருக்கும். ஆண்டுகள் கழித்துத் தோட்டத்து லயங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஏட்டிலோ ஒருவரும் வெளியேறியிருக்கமாட்டார்.

வடிகட்டுதல் தவறான முறை என்று இதற்குப் பொருளன்று. கட்டடங்கள் எவ்வாறு ஆடும் என்று ஆராயும் பொறியாளர்க்கு விரைவான அசைவே வேண்டும். அவர்க்கு வடிகட்டிய பதிவு போதும். நிலைத்த பெயர்ச்சியை அறிய விரும்புவோர்க்கு அது உதவாது. எந்த வினாவுக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே எதனை இரைச்சல் என்று நீக்கலாம் என்பது அமையும்.

6. அடிக்கோட்டைத் திருத்துதல்

பிழையையும் பெயர்ச்சியையும் ஒருங்கே அகற்றாமல் பிழையை மட்டும் நீக்குவது எப்படி? அதற்குரிய முறை அடிக்கோட்டுத் திருத்தம் எனப்படும். இம்முறை இயற்கை தரும் இரண்டு உறுதிகளைப் பற்றிக்கொண்டு நடக்கிறது.

முதல் உறுதி: நடுக்கத்துக்கு முன் நிலம் அசையாமல் இருந்தது. எனவே அப்பொழுதைய பதிவின் சராசரி சுழியாக இருக்க வேண்டும். இல்லையாயின் அச்சராசரியே கருவியின் தொடக்க விலகல். அதனைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடலாம். படச்சுருளில் பதிந்த பழைய கருவிகள் அதிர்ச்சி வந்த பிறகே இயங்கத் தொடங்கியதால் இவ்வுதவி கிட்டவில்லை. இன்றைய எண்ணிமக் கருவிகள் எப்போதும் அளந்துகொண்டே இருப்பதால் நடுக்கத்துக்கு முந்திய சில வினாடிகளும் பதிவில் அடங்கிவிடுகின்றன.

இரண்டாம் உறுதி: நடுக்கம் ஓய்ந்தபின் நிலம் நின்றுவிடும். அது எங்கே நிற்கும் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அதன் வேகம் சுழி என்பது தெரியும். முடுக்கத்தை ஒருமுறை கூட்டித் திசைவேகக் கோட்டை வரைந்தால், வால்பகுதி சுழியில் கிடக்க வேண்டும். மாறாக அது ஒரு நேர்கோடாகச் சாய்ந்து மேலே சென்றுகொண்டிருந்தால், நின்றுவிட்ட நிலம் வேகம் பெற்றுக்கொண்டே போவதாக ஆகும். அது இயலாது. ஆகவே அச்சாய்வே பிழை. சாய்வின் அளவைக் கணித்து முடுக்கத்திலிருந்து கழிக்கிறோம்.

இவ்விடத்தில் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடிகட்டி, இறுதி இடப்பெயர்ச்சி சுழி என்று கட்டாயப்படுத்துகிறது. அடிக்கோட்டுத் திருத்தம், இறுதித் திசைவேகம் சுழி என்று மட்டுமே கேட்கிறது. முன்னது நமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் கொள்கிறது; பின்னது உறுதியாகத் தெரிந்ததை மட்டும் கொள்கிறது.

ஆயினும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. விலகல் எப்போது தொடங்கியது? மேடை சாய்ந்தது கடுமையான நடுக்கத்தின் இடையில்; அந்நேரத்தில் பதிவு கொந்தளித்துக் கொண்டிருப்பதால் அந்தக் கணத்தைக் கண்டறிய இயலாது. இவான், மோசர், பெங் ஆகிய மூவர் 1985ஆம் ஆண்டு ஒரு வழி கூறினர். முடுக்கம் வினாடிக்கு வினாடி 50 செ.மீ. என்ற அளவை முதன்முறை தாண்டும் நேரத்தையும் கடைசிமுறை தாண்டும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட காலத்துக்கு ஒரு திருத்தமும் அதன் பிறகு வேறொரு திருத்தமும் செய்ய வேண்டும் என்பது அவர்கள் முறை. அவர்கள் ஆய்ந்த கருவி வகைக்கு அது பொருந்தியது. பிற கருவிகளுக்கும் பிற தரைகளுக்கும் அதே 50 பொருந்தும் என்று கொள்ள இடமில்லை.

7. தைவான் கற்பித்த பாடம்

இம்முறைகளைப் பெரிய அளவில் சோதிக்க வாய்த்தது 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் தைவானில் நிகழ்ந்த சிச்சி நிலநடுக்கம். அதன் அளவு 7.6. செலுங்பு பிளவின் வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை கிழிந்தது. பிளவை ஒட்டிய இடங்களில் நிலம் பல மீட்டர் பெயர்ந்தது. அத்தீவில் நூற்றுக்கணக்கான எண்ணிம முடுக்கப்பதிவிகள் முன்னரே நிறுவப்பட்டிருந்தன. செயற்கைக்கோள் அளவைக் குறிகளும் பலவாக இருந்தன. ஒரே பெயர்ச்சிக்கு இருவகைச் சான்றுகள் கிடைத்தன.

அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் போர் அப்பதிவுகளை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு நினைவிற்கொள்ளத் தக்கது. இரண்டாம் திருத்தம் தொடங்கும் நேரத்தை எவ்வாறு தேர்கிறோம் என்பதைப் பொறுத்து இறுதி இடப்பெயர்ச்சி பெரிதும் மாறியது. எல்லா விடைகளிலும் திசைவேகக் கோட்டின் வால் சுழியில்தான் நின்றது. எல்லாமே பார்வைக்கு நேர்த்தியானவை. அவற்றுள் எது உண்மை என்பதைப் பதிவு தானே சொல்லவில்லை. அருகிலிருந்த செயற்கைக்கோள் அளவை சொன்னது.

ஏடு பதிப்பிப்போர்க்கு இது புதிதன்று. சிதைந்த ஒரு சொல்லைப் பொருளும் யாப்பும் கெடாமல் மூன்று வகையாக நிரப்ப முடியும். மூன்றும் படிக்க நன்றாகவே இருக்கும். வேறொரு சுவடி கிடைத்தால்தான் பாடம் உறுதிப்படும். நன்றாகப் பொருந்துவது வேறு, சான்றுடையது வேறு.

8. லங்காவியின் 17 சென்ட்டிமீட்டர்

இனி நம் மாநிலத்துக்குத் திரும்புவோம். லங்காவியின் பெயர்ச்சியை ஒரு முடுக்கப்பதிவியின் கோட்டிலிருந்து கணித்திருக்க முடியுமா?

தோராயமாகக் கணக்கிடுவோம். 17 செ.மீ. பெயர்ச்சி 200 வினாடிகளில் நிகழ்ந்ததாகக் கொள்வோம். முதல் 100 வினாடி சீரான முடுக்கம், அடுத்த 100 வினாடி சீரான எதிர்முடுக்கம். தேவைப்படும் முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.0017 செ.மீ. இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு. மேலே நாம் எடுத்துக்கொண்ட 0.1 செ.மீ. விலகலோ இதனினும் ஏறத்தாழ அறுபது மடங்கு பெரியது. எத்துணைத் திறமையான திருத்தமும் இதனை மீட்டுத் தராது.

ஆகவே இம்முறைக்கு எல்லை உண்டு. பிளவுக்கு அருகில், பெயர்ச்சி மீட்டர்க்கணக்கில் சில வினாடிகளில் நிகழும் இடத்தில், முடுக்கப்பதிவி பயன்தரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், சில சென்ட்டிமீட்டர் பெயர்ச்சி நிமிடக்கணக்கில் நிகழும் இடத்தில், அது உதவாது. அங்குச் செயற்கைக்கோள் அளவை நிலையமே வேண்டும். அந்நிலையம் முடுக்கத்தைக் கூட்டிக் காண்பதில்லை. தான் இருக்கும் இடத்தையே நேராக அளக்கிறது. கூட்டல் இல்லாத இடத்தில் கூட்டல் பிழையும் இல்லை. ஆனால் விரைந்த நுண்ணசைவுகளை முடுக்கப்பதிவி காட்டும் தெளிவோடு அது காட்டாது. அதனால் இக்காலத்தில் இரண்டு கருவிகளையும் ஓரிடத்தில் நிறுவி, விரைவானதை ஒன்றிலிருந்தும் மெதுவானதை மற்றொன்றிலிருந்தும் பெற்று இணைக்கின்றனர்.

நிலைத்த என்னும் அடைமொழிக்கும் ஓர் எல்லை உண்டு. 2004க்குப் பின்னும் புக்கெட், லங்காவி நிலையங்கள் அதே திசையில் மெல்ல மெல்லப் பல ஆண்டுகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஆழத்திலுள்ள பாறை சட்டென்று அமைதியடைவதில்லை. நிலைத்த என்பது அலை கடந்தபின் திரும்பி வராத என்ற பொருளில்தான் இங்கு ஆளப்படுகிறது.

9. இதனால் உயிர்க்கு என்ன?

கடலடித்தளம் வெறுமனே நடுங்கினால் பேரலை எழாது. தளம் உயர்ந்தோ தாழ்ந்தோ அப்படியே நின்றுவிட்டால்தான் அதன் மேலுள்ள நீர் முழுவதும் இடம்பெயர்ந்து பேரலையாகப் பரவும். ஆழிப்பேரலையைப் பெறுவது நிலைத்த பெயர்ச்சியே.

2004ஆம் ஆண்டு அந்தக் காலையில் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் வெளியிட்ட முதற்குறிப்பில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்றிருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் அது 8.5 ஆயிற்று. உண்மையான 9.1க்கும் 8.0க்கும் இடையிலான வேறுபாடு, வெளிப்பட்ட ஆற்றலில் ஏறத்தாழ 45 மடங்கு. முதல் நிமிடங்களில் கிடைத்த அலைகளின் விரைவான பகுதியைக் கொண்டு மதிப்பிட்டதால் மெதுவான பெரும்பகுதி கணக்கில் வரவில்லை. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் ஜப்பானிலும் முதல் மதிப்பீடு 7.9; பின்னர் உறுதியானது 9.0. அன்று ஓசிக்கா தீபகற்பத்தின் அளவை நிலையம் 5 மீட்டருக்கு மேல் பெயர்ந்திருந்தது.

சுமத்திராவில் நிலம் பெயர்ந்ததற்கும் கெடாக் கரையில் பேரலை ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தது. தொலைநிலையங்களின் செயற்கைக்கோள் பதிவுகளை உடனுக்குடன் ஆராய்ந்திருந்தால், 15 நிமிடங்களுக்குள் உண்மை அளவை அறிந்திருக்கலாம் என்று 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அளவை அறிவது மட்டும் போதாது; கரையில் இருப்போர்க்குச் செய்தி சேர வழியும் வேண்டும். அன்று இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. பின்னரே அது அமைந்தது.

10. வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் காட்டலாம். இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் சிறு முடுக்கமானி உள்ளது. அசையாத மேசையின் மேல் கைப்பேசியை வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். கிடைக்கும் எண்களை இருமுறை கூட்டச் செய்யுங்கள். மேசையை விட்டு அகலாத கைப்பேசி பல மீட்டர் பயணம் செய்ததாக விடை வரக்கூடும். பின்னர் சராசரியைக் கழித்து மீண்டும் கூட்டினால் பிழை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். அடுத்து, கைப்பேசியை ஒரு முழம் நகர்த்தி நிறுத்திப் பதிவு செய்து, அந்த ஒரு முழத்தைக் கணக்கில் மீட்க முடிகிறதா என்று முயலலாம். மேசை மேல் வைத்த அளவுகோலே அங்குச் செயற்கைக்கோள் அளவையின் பணியைச் செய்யும்.

கலைச்சொற்களைப் பொறுத்தவரை, முடுக்கம், திசைவேகம், இடப்பெயர்ச்சி, தொகையிடல் ஆகியவை தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழக்கூன்றியவை. இலங்கைத் தமிழர் முடுக்கத்தை ஆர்முடுகல் என்பர். மாணவர் இருவகை நூல்களையும் படிக்க நேரும் என்பதால் இரண்டையும் அறிந்திருத்தல் நன்று. அடிக்கோட்டுத் திருத்தம், முடுக்கப்பதிவி, நிலைத்த இடப்பெயர்ச்சி ஆகிய தொடர்களை இப்பொழிவில் ஆண்டுள்ளேன். இவற்றினும் பொருத்தமானவை ஆசிரியர்க்குத் தோன்றினால் அவற்றையே வழங்கலாம். ஆனால் அசைவும் பெயர்ச்சியும் ஒன்றாகக் கலந்துவிடாமல் காக்க வேண்டும். மாணவர் ஒரு பதிவைக் கண்டு, "நிலம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது" என்று எழுதினால், அது நிலம் சொன்னதா வடிகட்டி சொன்னதா என்று கேளுங்கள். அக்கேள்விக்கு அவர்கள் காரணம் காட்டி விடையளிக்கும் நாளில் இப்பாடம் நிறைவுறும்.